மாற்றி வைத்த மாத்திரைகள்

மார்ச் 4

செல்லக் குட்டிக்கு,

நல்லபடியாக வீடு வந்து சேர்ந்தேன். உன் சமையலறை இருந்த இருப்புக்கு இன்னும் இரண்டு நாள் தங்கியிருக்கலாம். உறையோடு எதையும் வைக்க எனக்குப் பிடிக்காது என்று உனக்குத்தான் தெரியுமே. எல்லாவற்றையும் பிரித்துப் பாட்டிலில் போட்டிருக்கிறேன், உன் மனச்சோர்வு மாத்திரை உட்பட. மனசு எப்படி இருக்கிறது? ஏதாவது வித்தியாசம் தெரிகிறதா? அம்மா ஞாபகம் வருகிறதா? மறைக்காமல் எழுது.

அன்புடன்,
அக்கா

மார்ச் 15

அக்கா,

'அன்புள்ள' என்று தொடங்கக் கை வரவில்லை. போனில் பேசினால் கத்திவிடுவேன். சண்டையைக் காகிதத்தில் போடுங்கள், தபால்தலை தேடுவதற்குள் பாதிக் கோபம் போய்விடும் என்பது அம்மா நமக்குப் போட்ட சட்டம். தபால்தலை கிடைத்துவிட்டது, கோபம் அப்படியே இருக்கிறது.

வித்தியாசம் தெரிகிறதா என்று கேட்டாயே, தெரிந்தது. செவ்வாய்க்கிழமை கிரேனில் உட்கார்ந்து கம்பிக் கட்டைத் தூக்கிக்கொண்டிருந்தேன். தலையைத் திருப்பினால் மண்டைக்குள் ஷாக் அடித்தது. மறுபடி திருப்பினேன், மறுபடி அடித்தது. கீழே ஆட்கள் நின்றார்கள். கட்டை மெல்ல இறக்கி வைத்துவிட்டு, வாக்கி டாக்கியில் மேஸ்திரியைக் கூப்பிட்டு, "இன்னைக்கு என்னால ஓட்ட முடியாது, வேற ஆளை ஏத்துங்க" என்றேன். 

மாத்திரை பாட்டிலோடு என் டாக்டரம்மாவிடம் போனேன். அவர் அதை உள்ளங்கையில் கவிழ்த்துப் பார்த்தார். அதே அளவு, அதே வெள்ளை. "இது சத்து மாத்திரைம்மா. யாரு மாத்துனது?" என்று கேட்டார். எனக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை.

ஏன் செய்தாய்?

குட்டி

மார்ச் 22

குட்டி,

ஆமாம், நான்தான். நீ கிரேனில் இருக்கும்போது இப்படி ஆகும் என்று சத்தியமாக எனக்குத் தெரியாது.

ஆனால் காரணத்தையும் கேள். அம்மாவை எடுத்துக்கொண்டு போன அன்று நாங்கள் எல்லாரும் கதறினோம். நீ வந்தவர்களுக்கு நாற்காலி போட்டுக்கொண்டிருந்தாய். ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. "இவளுக்கு என்னடி ஆச்சு, கல்லு மாதிரி நிக்கிறா" என்று சித்தி என் காதில் கேட்டாள். இத்தனை வருஷமாகச் சாப்பிட்டு அந்த மாத்திரை உன் மூளையையே மாற்றிவிட்டது. சிரிப்பது நீயா மருந்தா என்று எனக்குத் தெரியவில்லை. என் பழைய தங்கை எனக்கு வேண்டும். அது தப்பா?

அக்கா

ஏப்ரல் 30

அக்காவுக்கு,

தப்புதான்.

மாத்திரை என் மூளையை மாற்றிவிட்டதா என்று டாக்டரம்மாவிடமே கேட்டேன். "மாறித்தான் இருக்கும்" என்றார். செரடோனின் என்கிற ரசாயனம் மாத்திரை போட்ட சில மணி நேரத்திலேயே கூடிவிடுமாம். அதற்கு ஏற்றபடி நரம்புகள் தங்களைத் திருத்திக்கொள்ள வாரக்கணக்காகும், மனசு தேறுவதும் அப்போதுதான் என்றார். வருஷக்கணக்கில் அப்படிப் பழகிய மூளையிடமிருந்து மருந்தைச் சட்டென்று பிடுங்கினால் ஷாக் அடிக்காமல் என்ன செய்யும்? "சிலருக்கு உணர்ச்சி கொஞ்சம் மட்டுப்படறதும் உண்டு. எல்லாமே எங்களுக்கு முழுசா புரிஞ்சிடல" என்றும் சொன்னார். மழுப்பத் தெரியாத டாக்டர், அதனால்தான் அவரிடம் போகிறேன்.

மாறட்டும் அக்கா. மாறத்தானே சாப்பிட்டேன்? உன் பழைய தங்கை தலை வாராமல், கட்டிலை விட்டு எழாமல் கிடந்தவள். அவளுக்கு வாயில் ஊட்டிவிட்டது அம்மா, நீ இல்லை. அவள் திரும்பி வரவேண்டும் என்று அம்மா ஒருநாளும் கேட்டிருக்க மாட்டாள். சிரிப்பது நான்தான். அன்றைக்கு நாற்காலி போட்டதும் நான்தான். யாராவது போட வேண்டியிருந்தது.

நீ மாற்றி வைத்த நாட்களில் நான் நன்றாகவே அழுதேன், கவலைப்படாதே. குழாய் ஒழுகியதற்கு அழுதேன். பஸ் நிற்காமல் போனதற்கு அழுதேன். அந்த அழுகையில் அம்மா எங்குமே இல்லை.

என் மாத்திரைக்குத் திரும்பி, உடம்பு நிலைக்கு வந்து, டாக்டரம்மா சம்மதித்த பிறகு நேற்றுதான் மறுபடி கிரேன் ஏறினேன். சாப்பாட்டு நேரம், இயந்திரத்தை நிறுத்தியிருந்தேன். எதிர் மொட்டைமாடியில் ஒரு பெண் போர்வையின் நடுவைத் தாடைக்கடியில் இடுக்கிக்கொண்டு தனியாக மடித்துக்கொண்டிருந்தாள். அம்மா மடிப்பது போலவே. அங்கேயே வாய்விட்டு அழுதேன், அம்மாவுக்காக மட்டும். பிறகு மூக்கைச் சிந்திவிட்டுச் சாப்பிட்டேன். மணி அடித்ததும் வேலையைத் தொடங்கினேன். முன்பெல்லாம் அழ ஆரம்பித்தால் எனக்கு முடிக்கத் தெரியாது. இப்போது தெரிகிறது.

மருந்தைக் குறைப்பதா, தொடர்வதா என்பது என் பாடு, டாக்டரம்மா பாடு. நீ கோடை லீவுக்கு வா. சர்க்கரை, உப்பு, சோப்புத்தூள் எல்லாவற்றையும் ஆசை தீரப் பாட்டிலில் கொட்டு. மாத்திரை மட்டும் உறையிலேயே இருக்கும். அதில் கை வைத்தால் அன்றைக்கே பஸ் ஏற்றிவிடுவேன்.

உன் இப்போதைய தங்கை