பொன்னுக்கு வீங்கிக்குப் போட்ட சங்கிலி

என் செல்ல அக்காவுக்கு,

என் நாக்குக்கு அடியில் இருந்த கல்லை எடுத்துவிட்டார்கள். அரிசிக் குருணை அளவுதான் இருக்கிறது. பஞ்சில் சுற்றி முந்தானையில் முடிந்து வைத்திருக்கிறேன். மதுரையிலிருந்து வந்தது முதல் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. அடுப்படிக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டே இருக்கிறேன்.

உனக்கு வந்த அதே வீக்கம்தான் எனக்கும் வந்தது. சோற்றைக் கண்டதும் தாடைக்குக் கீழே புடைக்கும், சாப்பிட்டு எழுந்த கொஞ்ச நேரத்தில் வடியும். அம்மா பெட்டியைத் திறந்து, உனக்குப் போட்ட அந்தச் சங்கிலியையே எடுத்து வந்தாள்.

"பொன்னுக்கு வீங்கிடி. கழுத்துல தங்கம் கெடந்தா வத்திரும். புளிப்ப மட்டும் தொட்டுறாத."

உன்னிடம் சொன்ன அதே பேச்சு! எனக்கு வந்ததே ஆத்திரம். "இதப் போட்டுக்கிட்டுத்தான அக்கா செத்துப் போனா?" என்று கத்திவிட்டு, திருச்சுழிக்கு நடந்து மதுரை ஆஸ்பத்திரிக்குப் பஸ் ஏறினேன்.

டாக்டர் தன் முகத்திலேயே தொட்டுக் காட்டினார். "எச்சில் சுரக்கிற பெரிய சுரப்பி பக்கத்துக்கு மூணும்மா. காதுக்கு முன்னால ஒண்ணு, தாடைக்குக் கீழ ஒண்ணு, நாக்குக்கு அடியில ஒண்ணு. பொன்னுக்கு வீங்கி பெரும்பாலும் காதோரத்துல வரும். உங்களுக்குத் தாடைக்குக் கீழ. அங்கேருந்து நாக்குக்கு அடியில வர்ற குழாய்ல கல்லு அடைச்சிருக்கு."

எச்சில் இல்லாமல் சோறு தொண்டையில் இறங்காதாம். மெல்லும்போதே அதைச் செரிக்கத் தொடங்குவதும் எச்சில்தானாம். சாப்பாட்டைப் பார்த்ததும் ஊறுகிற எச்சில், போக வழியில்லாமல் தேங்கி வீங்கியிருக்கிறது.

எலுமிச்சைத் துண்டைக் கொடுத்துச் சப்பச் சொன்னார். புளிப்பு, அக்கா! நீ ஒரு கீற்று மாங்காய்க்கு எப்படிக் கெஞ்சினாய்? எச்சில் ஊறிக் கல்லை முன்னால் தள்ளியது. மரத்துப்போக ஊசி போட்டு, லேசாகக் கீறி எடுத்துவிட்டார். உன்னைப் பற்றிச் சொன்னேன். "சீழ் பிடிச்சுத் தொண்டைக்குப் பரவியிருக்கும். முன்னாடியே வந்திருந்தா காப்பாத்தியிருக்கலாம்" என்றார்.

அம்மா முகத்தில் எறியத்தான் கல்லைக் கொண்டுவந்தேன். வாசலிலேயே நின்றிருந்தாள். பஞ்சைப் பிரித்துப் பார்த்தாள்.

"அவளுக்கும் இதுதானாடி?"

எறிய வந்த கல்லை மறுபடி பஞ்சில் சுற்றினேன். "இல்லம்மா, அது வேற" என்றேன். நான் சொன்னது சரியா, அக்கா? அப்புறம் அவள் அந்தச் சங்கிலியை என் கழுத்தில் போட்டாள். குனிந்து கொடுத்தேன்.

இனி எவள் வீட்டுப் பிள்ளைக்குத் தாடை வீங்கினாலும் நானே கூட்டிக்கொண்டு பஸ் ஏறுவேன். இது கல்லாகவும் இருக்கும் என்று ஊருக்கெல்லாம் சொல்வேன், நீ போனதும் இதனால்தான் என்று அம்மாவிடம் மட்டும் சொல்ல மாட்டேன். அவளுக்கு எழுத்துத் தெரியாது. அதனால்தான் எழுதுகிறேன்.

உன் சங்கிலியோடு,
உன் தங்கச்சி பேச்சி