ஆறு வாரத் தொட்டியில் கிளைப் பவளம்

அன்பு மகனுக்கு,

இங்கே நான், உன் அம்மா, என் முழங்கால் வலி மூவரும் சௌக்கியம். அங்கே நீயும் உன் ஆறு வாரக் கடல் தொட்டியும் நலமாக இருக்க வேண்டும் என்றுதான் ஆசை, ஆனால் நீ அனுப்பிய போட்டோவைப் பார்த்தால் நம்பிக்கை வரவில்லை. தொட்டிக்குள் இருந்த கல்லை என்னடா செய்தாய்? பழுப்புப் பாசி பிடித்து அசிங்கமாக இருந்தது, பல் தேய்க்கும் பிரஷ்ஷால் உரசி வெள்ளையாக்கிவிட்டேன் என்று பெருமையாக வேறு எழுதியிருக்கிறாய். கெட்டிக்காரன்! புதுத் தொட்டியில் பழுப்புப் பாசி வரத்தான் செய்யும், பொறுத்தால் தானாகப் போகவும் செய்யும். கழிவைத் தின்று தண்ணீரைக் காப்பாற்றும் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் அந்தக் கல்லில்தான் குடியேறும், அதையும் சேர்த்து வழித்துவிட்டு இப்போது கிளைப் பவளம் வைக்கலாமா என்று என்னிடம் கேட்கிறாய்.

வைக்கக் கூடாது. தண்ணீரைச் சோதிக்கும் டெஸ்ட் கிட்டில் எல்லாம் சரியாகக் காட்டுகிறதே என்று வாதம் பண்ணாதே. ஒரு நாள் சரியாக இருந்தால் போதாது, உப்பும் சூடும் சுண்ணாம்புச் சத்தும் மாதக்கணக்கில் ஆடாமல் நிற்க வேண்டும், கல்லில் ஊதா நிறப் பாசிப் படலம் தானாகப் படர வேண்டும், அதற்கு எட்டு மாதமாவது ஆகும், உன் கைராசிக்கு ஒரு வருஷம் என்று வைத்துக்கொள். அதுவரை காளான் மாதிரி விரியும் முரட்டு வகைப் பவளத்தில் இரண்டு வை, நீ நாலு நாள் மறந்தாலும் அது கோபித்துக்கொள்ளாது. அடுத்த மாதம் பெண் வீட்டார் வருகிறார்கள், அதற்குள் தொட்டி ஜொலிக்க வேண்டும் என்கிறாய். சம்பந்தி வரும் தேதியெல்லாம் பவளத்துக்குத் தெரியாதப்பா. நானும் ஒரு தடவை இந்தக் கூத்து அடித்தவன்தான். ஓட்டல் திறப்பு விழாவுக்காக மேனேஜர் அவசரப்படுத்த, அவர்கள் தொட்டியில் ஐந்தாவது வாரமே பதினோரு கிளைப் பவளத் துண்டு வைத்தேன். விழா அன்று ஜோராக இருந்தது, ஒன்பதாம் நாள் ஒவ்வொன்றாகத் தோல் உரிந்து வெறும் எலும்பு. வந்தவர்கள் அடடா, வெள்ளை வெளேர்னு என்ன அழகு என்று போட்டோ எடுத்தார்கள், நான் செத்ததை அள்ளப் பக்கெட்டோடு பக்கத்தில் நின்றேன்.

இன்னொரு விஷயம். உன் அக்கா நேற்று ஃபோனில் உளறிவிட்டாள். பெண் வீட்டாரிடம் அப்பா கடல்வாழ் உயிரின ஆய்வாளர் என்று சொல்லியிருக்கிறாயாமே. அடேயப்பா! கேட்டதும் உன் அம்மா சிரித்தாள், நானும் சிரித்தேன், அப்புறம் இரண்டு பேருக்கும் சாப்பாடு இறங்கவில்லை. முப்பத்திரண்டு வருஷமாகப் பல் ஆஸ்பத்திரியிலும் வங்கியிலும் தொட்டிக் கண்ணாடி துடைக்கிறவன் நான், தோள் வரை கையை விட்டு மீன் கழிவை உறிஞ்சி எடுக்கிறவன். அதில் எனக்கு வெட்கமில்லை. உனக்கு இருக்கிறது என்று தெரிந்ததுதான் வலிக்கிறது. ஆய்வாளர் வேஷம் கட்டத்தான் வேண்டுமென்றால் கோட்டு நீயே வாங்கிவிடு, என் தொப்பை அடங்கும் அளவில்.

இப்படியா பிள்ளைக்கு எழுதறது, ரெண்டு நல்ல வார்த்தை சேருங்க என்று அம்மா பின்னால் நின்று முணுமுணுக்கிறாள். சரி, நீயும் அந்தப் பெண்ணும் நூறு வருஷம் நன்றாக இருங்கள், இது மனசார. தொட்டியில் தண்ணீர் வற்றினால் உப்பில்லாத தண்ணீரைத்தான் ஊற்ற வேண்டும், மறக்காதே. அவர்களிடம் உண்மையைச் சொன்ன பிறகு எனக்கு டிக்கெட் போடு. சொல்ல வாய் வரவில்லையென்றால் அம்மாவுக்கு மட்டும் போடு, ஆய்வாளர் ஆராய்ச்சிக்காகக் கடலுக்குப் போயிருக்கிறார் என்று சொல்லிவிடு, உனக்குத்தான் அது கைவந்த கலையாயிற்றே.

இப்படிக்கு,
தொட்டி கழுவும் உன் அப்பா