உன்னைப் பற்றி மேடம் கேட்ட பக்கம்

கணினி அறையில் யாரோ நனைந்த ஸ்வெட்டரைக் கழற்றி நாற்காலியில் போட்டிருக்கிறார்கள். உன் ஸ்வெட்டரில் வரும் அதே விறகுப் புகை வாசம். நீதான் என்று திரும்பிவிட்டேன். பிறகு என்மேலேயே எரிச்சல் வந்தது. நீ போய் ஒரு மழைக்காலம் முடிந்துவிட்டது.

கல்வியியற் கல்லூரியில் எங்களுக்கு இதுதான் கடைசி வேலை. பயிற்சிக்குப் போன பள்ளிக்கூடங்களில் கற்பித்ததையும் கற்றதையும் படங்களோடு சேர்த்து, ஆளுக்கொரு இ-போர்ட்ஃபோலியோ, அதாவது கணினித் தொகுப்பு, செய்ய வேண்டும். ஒவ்வொரு படத்துக்குக் கீழேயும் ஒரு கட்டம்: ‘இதிலிருந்து நான் கற்றுக்கொண்டது.’ அந்தக் கட்டத்தை நீ ஒருநாளும் நம்பியதில்லை. நீ எதைத்தான் நம்பினாய்? பசறை பஸ் புறப்படப் போகிறது என்று கண்டக்டர் தொண்டை கிழியக் கத்தினாலும், டிரைவர் சீட்டில் உட்காரும்வரை ஏற மாட்டாய்.

என் முதல் பாடத்துக்கு ‘மாணவர்கள் மகிழ்ச்சியாகப் பங்கேற்றனர்’ என்று நான் தட்டியபோது பின்னால் நின்று கேட்டாய்: “எந்தப் புள்ள சிரிச்சிச்சு? பேரச் சொல்லு பாப்போம்.” அந்தப் பாடம் நடத்திய அன்று தகரக் கூரையில் கொட்டிய மழையில் நான் பேசியது எனக்கே கேட்கவில்லை. அதையே எழுதச் சொன்னாய், எழுதினேன். கூரையைப் பற்றி வேண்டாம், கற்றலைப் பற்றி எழுதுங்கள் என்று எங்கள் விரிவுரையாளர் மேடம் திருப்பி அனுப்பினார். நீ விழுந்து விழுந்து சிரித்தாய்.

நேற்று அதே மேடம் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். நல்லவர்தான். “உங்க சினேகிதியப் பத்தி ஒரு பக்கம் சேருங்க. பாக்குறவங்க மனசத் தொடும்.” அது இரக்கமா, எனக்குப் புள்ளிகள் கூடுதலாகக் கிடைக்க வேண்டும் என்ற அக்கறையா, பிடிபடவில்லை. அதைவிட என்மேல்தான் சந்தேகம். விடுதிக்குத் திரும்பும் முன்பே வாக்கியம் தயாராகிவிட்டது: ‘தோழியின் இழப்பு எனக்குப் பொறுமையைக் கற்றுத்தந்தது.’ இத்தனை சுலபமாக வந்தால் அது உண்மையாக இருக்குமா?

காய்ச்சல் என்று வீட்டுக்குப் போனவள் சவப்பெட்டியில் வந்தாய். அதோடு எனக்கு இருந்த பொறுமையும் போய்விட்டது. பயிற்சி வகுப்பில் பிள்ளைகள்மேல் எரிந்து விழுந்தேன். உன் அம்மாவிடமிருந்து போன் வந்தால் பதில் சொல்லப் பயமாக இருக்கிறது.

எல்ல மலையூருக்குப் போனபோது நாம் எடுத்த படத்தை ஏற்றினேன், அழித்தேன், மறுபடி ஏற்றினேன். அழுகை வந்தது. உனக்காகத்தானா, பக்கம் நன்றாக வருகிறது என்பதற்காகவா என்று அதையும் நிறுத்திக் கேட்டேன். உன் சந்தேகப் புத்தி என்னிடம் தங்கிவிட்டது. இனி வகுப்புக்குள் அதோடுதான் போவேன்.

படத்துக்குக் கீழே தட்டிவிட்டு, மாற்றாமல் அனுப்பிவிட்டேன்: ‘இவள் செத்ததில் நான் எதையும் கற்றுக்கொள்ளவில்லை. இவள் இருந்திருக்கலாம்.’