ஞானஸ்நானம் எடுத்த தேதி

நவம்பர் 6, வியாழன்

சாயங்காலம் ஜெபக்கூட்டம் முடிந்ததும் பாஸ்டரம்மா எங்கள் எல்லோரையும் போனிலிருந்து பேஸ்புக்கை எடுத்துவிடச் சொன்னார். விசுவாசிகளுக்கென்றே இப்போது தனியாக ஒரு ஆப் வந்திருக்கிறதாம். "அங்க எல்லாம் நம்ம சனந்தான் கண்ணு" என்றார். நானும் அவர் கண் முன்னாலேயே எடுத்துவிட்டேன்.

புது ஆப்பில் பெயர், சபை எல்லாம் போட்டாயிற்று. அடுத்து ஞானஸ்நானம் எடுத்த தேதியைக் கேட்டது. எனக்கு நினைவில்லை. "ஏதோ ஒரு தேதியப் போட்டுட்டுப் போ சாமி" என்று பாஸ்டரம்மா சிரித்தார். எனக்கு மனசு வரவில்லை.

என் கூடப் பிறந்த ரூத் அக்காவுக்குத் தெரியும். இரண்டு பேரும் ஒரே நாளில்தான் முழுகினோம். தண்ணீர் என்றால் எனக்குப் பயம் என்று கடைசிவரை என் கையை விடாமல் பிடித்திருந்தாள். பனியன் கம்பெனியில் தன்னோடு தைத்த இந்துப் பையனைக் கட்டிக்கொண்டு அவள் பல்லடம் போனபின் எங்கள் ஊட்டில் அவள் பேச்சே இல்லை. நம்பர்கூட என்னிடம் இல்லை. பேஸ்புக்கில் அவள் மகளுக்குப் பல் விழுந்த போட்டோவை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். லைக் போட்டதில்லை. அப்பா பார்த்துவிடுவார்.

ஆப்பில் அந்தத் தேதிக் கட்டம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது. சற்றுமுன் பேஸ்புக்கை மறுபடி ஏற்றி, "அக்கா, நாம ஞானஸ்நானம் எடுத்தது என்னிக்கு?" என்று அனுப்பினேன். எட்டு வருஷத்தில் முதல் பேச்சு.

தேதி கேட்கத்தான் என்று கர்த்தரிடம் சொல்லிக்கொண்டேன். அவருக்குத் தெரியாததா.