தங்கை வீட்டு ட்ரிப்பர்

மார்ச் 3, செவ்வாய்

தங்கை வீட்டுக்காரர் குளியலறைக் கண்ணாடியைச் சுற்றி எல்.இ.டி. பட்டை ஒட்டப்போகிறாராம். தானே. இத்தனை வீடுகளுக்கு ஒயரிங் செய்த மச்சான் நான் ஒருவன் குத்துக்கல்லாட்டம் இருக்க, மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறவருக்கு இந்த வேலை எதற்கு? மூன்று வாரம் போனில் வீடியோ பார்த்து மின்சாரத்தையே கரைத்துக் குடித்துவிட்டார். இனி இந்த நோட்டில் அவர் பெயர் விஞ்ஞானி.

மார்ச் 7, சனி

போய்ப் பார்த்தேன். பன்னிரண்டு வோல்ட் பட்டை. அதன் அடாப்டர் குளியலறைக்கு வெளியே, சுவிட்சும் வெளியே. பட்டைக்குத் தண்ணீர் புகாத உறை, வெட்டிய முனையில் சிலிக்கான் பசை. ஒரு பொம்மை விளக்குக்கு இவ்வளவு சீராட்டு!

அதோடு விட்டாரா? மெயின் போர்டில் புதிதாக ஒரு ட்ரிப்பர் — மின்சாரம் கசிந்தால் தானே விழுந்து இணைப்பைத் துண்டிக்குமே, அது. வேறு எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு மாட்டியிருக்கிறார். எட்டு வருஷம் முன்பு நான் ஒயரிங் செய்தபோதே சின்ன வீட்டுக்கு அது எதற்கு என்று சொன்னவன். என் வேலையில் இன்னொருத்தன் கை. கொடுத்த டீயைப் பாதியில் வைத்துவிட்டு வந்தேன்.

மார்ச் 10, செவ்வாய்

தங்கை குளிக்கும்போது ட்ரிப்பர் விழுந்து வீடே இருட்டாம். நன்றாக வேண்டும். வயிறு வலிக்கச் சிரித்தேன்.

மார்ச் 12, வியாழன்

மறுபடியும். அவர் குளித்தால் விழுவதில்லை, தங்கை போனால் விழுகிறது. ஆள் பார்த்து விழுகிற ட்ரிப்பர்! விஞ்ஞானியின் கண்டுபிடிப்பு வேறு எப்படி இருக்கும்?

மார்ச் 14, சனி

கடைசியில் இறங்கி வந்துவிட்டார். கொஞ்சம் வந்து பார்க்க முடியுமா என்று போனில் கேட்டார். பார்க்க என்ன இருக்கிறது? நாளை அந்த ட்ரிப்பரைக் கழற்றி வீசிவிட்டு நேராக இணைப்புக் கொடுக்கப்போகிறேன்.

மார்ச் 15, ஞாயிறு

போர்டைத் திறந்து ஸ்க்ரூவில் கை வைத்தேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மச்சான், லைட்டை நேத்தே கழட்டிட்டேன். இன்னிக்குக் காலைலயும் விழுந்துச்சு."

லைட் இல்லையென்றால் குளியலறையில் மிச்சம் வெந்நீர் ஹீட்டர்தான். ஹீட்டரைப் போட்டுவிட்டு டெஸ்டரைக் குளியலறைக் குழாயில் வைத்தேன். எரிந்தது.

தங்கை கதவருகில் நின்றிருந்தாள். "குழாயைத் தொட்டா சுர்ருங்குதுன்னு ரெண்டு மாசமா சொல்றேனேண்ணா. நீதானே செருப்பைப் போட்டுக்கோன்னு சொன்னே."

சொன்னேன். சிரித்துக்கொண்டே சொன்னேன். அவர் எப்போதும் பச்சைத்தண்ணீரில் குளிக்கிறவர். அந்த வீட்டில் ஹீட்டர் போடுவது அவள் மட்டும்தான்.

ஹீட்டரின் பிளக் பாயிண்டைத் திறந்தேன். கசிகிற கரண்டை மண்ணுக்கு இறக்கவேண்டிய எர்த் ஒயரைப் பாதியில் நறுக்கி உள்ளே மடித்து வைத்திருந்தது. அன்றைக்கு நீளம் போதவில்லை. நாளைக்கு வந்து இழுத்துக்கொள்ளலாம் என்று மூடியவன் நானேதான். எந்த நாளைக்குடா? எட்டு வருஷம் ஆச்சேடா மடையா — அப்போ ட்ரிப்பர் விழுந்ததெல்லாம்... கரண்ட் அவ உடம்பு வழியாப் போனப்பதானே? அதையா நான் கழட்டப் போனேன்?

புது எர்த் ஒயர் இழுத்து முடிக்கும்வரை மாப்பிள்ளை டார்ச் பிடித்துக்கொண்டு நின்றார். ஒரு வார்த்தை குத்திச் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

மார்ச் 17, செவ்வாய்

ஹீட்டரை மாற்றியாயிற்று.

மார்ச் 22, ஞாயிறு

அந்த வருஷம் நான் ஒயரிங் செய்த வீடுகளை யோசித்து யோசித்து எழுதினேன். பதினான்கு. எதில் முழுசாகச் செய்தேன், எதில் மடித்து வைத்தேன் என்று சத்தியமாக நினைவில்லை.

இன்று முதல் வீடு. தையல்கார அம்மா கதவைத் திறந்து, யாரும் கூப்பிடவில்லையே, கரண்ட் நன்றாகத்தானே இருக்கிறது என்றார். ஹீட்டர் பாயிண்டை ஒருதரம் திறந்து பார்க்கவேண்டும் என்றேன். எதற்கு என்று கேட்டார்.

"நான் செஞ்ச வேலைம்மா. அதான்."