மாவுக்கட்டின் மேல் ஒரு முழம்

தாம்பரம்
9 ஜூன் 2025

மரியாதைக்குரிய வேதசிரோமணி சாருக்கு, கதிரேசனின் வணக்கம்.

போனில் பேசினால் கத்திவிடுவேன். அதனால் எழுதி, நம் ஹார்டுவேர் கடை ரோஸியிடம் கொடுத்தனுப்புகிறேன். வீட்டில் எல்லோரும் நலமா? கல்லா பக்கத்தில் உங்கள் நாற்காலி காலியாகவே கிடக்கிறது. வரக் கூச்சப்படுகிறீர்கள் என்று தெரியும்.

சனிக்கிழமை நம் கடை வாசலில் பூ விற்கும் கன்னியம்மாவிடம் கூடையை எடுக்கச் சொன்னான் உங்கள் மகன் ஷெர்வின். “இரு நைனா, கட்டிகினு கீறேன்ல, முடிச்சுட்டு எடுக்கறேன்” என்றாள். நைனா என்றதற்கு லத்தியால் ஓங்கி அடித்தான். வலது கை எலும்பு முறிந்துவிட்டது. அவளே விழுந்தாள் என்கிறார்கள் ஸ்டேஷனில். அடித்தது என் கடைக் கேமராவில் இருக்கிறது.

அவன் எஸ்.ஐ. வேலைக்குத் தேர்வானபோது விசாரிக்க வந்தவர் என் கடையில்தான் டீ குடித்தார். கேஸ் உண்டா, கட்சி உண்டா என்று கேட்டார். இல்லை என்றேன். அது நிஜம். நல்ல பையன் என்று நானாகவே சேர்த்துச் சொன்னேன். வேறொன்றும் அவர் கேட்கவில்லை. நான் சிமெண்ட் மூட்டை தூக்க ஆள் எடுத்தால்கூட, டீ கொண்டுவருபவரிடம் எப்படிப் பேசுகிறான் என்று ஒரு வாரம் பார்ப்பேன். இவர்கள் ஓட்டத்தையும் மார்பையும் அளந்து தொப்பியைக் கொடுத்துவிட்டார்கள்.

வியாழன் கடையடைப்பு. வியாபாரிகள் சங்கத் தலைவன் நான், முன்னால் நிற்க வேண்டும். நானும் அந்த வாசலில் பூட்டு விற்று மேலே வந்தவன்தானே. வியாழனுக்குள், அடித்ததை அவன் எழுத்தில் ஒப்புக்கொள்ளட்டும். உங்கள் முகத்துக்காக வீடியோவை இன்னும் யாருக்கும் தரவில்லை.

அன்புடன்
மு. கதிரேசன்

சிட்லபாக்கம்
10 ஜூன் 2025

பிரியமான கதிரேசன்,

உங்களுக்கும் வீட்டாருக்கும் ஆண்டவர் சமாதானம் அருள்வாராக. கடிதத்தைப் படித்து ரத்தினபாய் அழுதாள். ஷெர்வினை உட்காரவைத்துக் கேட்டேன். “தப்புதான்ப்பா” என்றான். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் அவனை நானே கன்னியம்மா வீட்டுக்கு அழைத்துவருகிறேன். உங்கள் எதிரிலேயே எழுதித் தருவான். கடையடைப்பை மட்டும் தள்ளிப்போடுங்கள். அவனுக்கு இன்னும் தகுதிகாண் காலம் முடியவில்லை. அந்த அம்மா வீடு எங்கே என்று எழுதுங்கள்.

உங்கள் சிநேகிதன்
வேதசிரோமணி

தாம்பரம்
11 ஜூன் 2025

அன்புள்ள சார்,

தள்ளிவைத்துவிட்டேன். “தலைவரு வெல போய்ட்டாரு” என்று பாத்திரக்கடை கிட்டு கூட்டத்தில் முகத்துக்கு நேரே சொன்னார். சிரித்துக்கொண்டேன். உங்கள் வார்த்தை எனக்குப் போதும். கன்னியம்மா வீடு ஏரிக்கரைத் தெருவில், ரேஷன் கடைக்குப் பின்னால்.

கதிரேசன்

தாம்பரம்
16 ஜூன் 2025

வேதசிரோமணி அவர்களுக்கு,

நேற்று மதியம்வரை கன்னியம்மா வீட்டு வாசலில் நின்றேன். வெள்ளிக்கிழமையே நீங்கள் வந்துபோனதை அவள்தான் சொன்னாள். “இன்னாண்ணா, நீதான் சொல்லி அனுச்சியாமே. அதான் கைநாட்டு வச்சேன்.”

ஸ்டேஷனுக்குப் போய்க் கேட்டேன். தாளைக் காட்டினார்கள். தானே தடுக்கி விழுந்தாளாம். சாட்சிக் கையெழுத்து உங்களுடையது.

மகனுக்காக எந்தத் தகப்பனும் பதறுவான். அதில் எனக்குக் கோபமில்லை. என் பெயரைக் கேட்டதும், இதில் என்ன எழுதியிருக்கிறது என்றுகூட அவள் கேட்கவில்லை. அந்த நம்பிக்கையை எடுத்து அவளுக்கு எதிராகவே பயன்படுத்தினீர்கள். வாத்தியார் வேலை பார்த்தவர் நீங்கள்.

வீடியோ வக்கீலிடமும் மேலதிகாரியிடமும் போய்விட்டது. அன்று விசாரிக்க வந்தவரிடம் ஷெர்வினைப் பற்றிச் சொன்ன நல்ல வார்த்தையையும் எழுத்தில் திரும்பப் பெற்றுக்கொண்டேன். நாளை கடையடைப்பு. கிட்டுவிடம் மன்னிப்புக் கேட்டாயிற்று.

கன்னியம்மா இன்று வந்தாள். ரோஸி பூக்கட்டிக் கொடுக்க, மாவுக்கட்டின் மேலேயே சரத்தை வைத்து முழம் போட்டாள். தரையில் உட்கார்ந்து எழுந்தால் வலிக்கிறது என்றாள். கல்லா பக்கத்து நாற்காலியை வாசலில் எடுத்துப் போட்டுவிட்டேன்.

மு. கதிரேசன்