வேண்டாம் என்று சொன்ன இருவர்

6 ஜூன் 1988, திங்கள்

வெயில். கிள்ளானில் ஒரு வாரமாகச் சொட்டு மழை இல்லை. கால் வீக்கம், கை வீக்கம். கல்யாண மோதிரத்தைச் சோப்பு போட்டுக் கழற்றித் தாலிக்கொடியில் கோத்தாயிற்று. ஏழாம் மாதம்.

செய்ய வேண்டியவை: நான்காம் வகுப்புத் தேர்வுத்தாள். அவர் சட்டைக்குப் பட்டன். தொட்டில் புதிதா, அண்ணி வீட்டுப் பழையதா? அண்ணி என்றால் என் புருஷனுடைய அக்கா. கடைத்தெருவில் துணிக்கடை வைத்திருக்கிறார். குடும்பத்தில் அவரைக் கேட்காமல் ஓர் இலைகூட அசையாது.

ஆசிரியர் அறையில் மல்லிகா டீச்சர், என் காதுபடவே: "நாப்பத்தொரு வயசுல பாருங்களேன். வேணாம் வேணாம்னு சொன்னவங்களுக்குத்தான் சாமி அள்ளிக் குடுக்குது லா!" எல்லோரும் சிரித்தார்கள். நானும். இப்போதெல்லாம் இது பழகிவிட்டது.

புஷ்பா மட்டும் சிரிக்கவில்லை. குனிந்து நோட்டுத் திருத்திக்கொண்டிருந்தாள். பன்னிரண்டு வருடமாக ஒரே பள்ளி, பக்கத்துப் பக்கத்து வகுப்பு. பண்டமாரானில் வீடு, புருஷனுக்குத் துறைமுகத்தில் வேலை. இனி பு. என்றுதான் எழுதுவேன், விரல் மடங்க மாட்டேன் என்கிறது.

8 ஜூன், புதன்

தூக்கம் போதவில்லை. வாய் கசப்பு. காலையில் தேங்காய்ப்பால் சோறு, நாசி லெமாக், மிளகாய்ச் சம்பல் இல்லாமல். அதை நாசி லெமாக் என்று சொல்லலாமா தெரியவில்லை.

அவர் இன்று கேட்டார், "ஏன் மூஞ்சி ஒரு மாதிரி இருக்கு? சந்தோஷமா இல்லையா?" சந்தோஷம்தான். உள்ளே அது புரளும்போது வேறு எதுவும் தேவையில்லை என்று இருக்கிறது. ஆனால் வருத்தமும் இருக்கிறது, அதை அவரிடம் எப்படிச் சொல்வது?

கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குவாட்டர்ஸில் எட்டுப் பிள்ளைகளுக்கு மூத்தவள் நான். இடுப்பில் ஒன்று இல்லாமல் நான் விளையாடப் போனதே இல்லை. பீத்துணி, கஞ்சி, காய்ச்சல், எல்லாம் பத்து வயதுக்குள் பார்த்து முடித்தாயிற்று. போதும் என்று தோன்றியது, அவ்வளவுதான். கல்யாணத்துக்கு முன்பே அவரிடம் சொன்னேன். அவரும் சரி என்றார். பொய்யாகச் சொல்லவில்லை, இருவரும் நன்றாகவே இருந்தோம். ஜனவரியில் வயிற்றில் வாயு என்றுதான் டாக்டரிடம் போனேன்.

இப்போது எல்லோரும் பிள்ளை வேண்டாம் என்ற அந்தப் பழைய விமலாவை, அந்த என்னை, தப்பு என்கிறார்கள். அவள் நல்லவள்தான். அவளுக்காக ஒருவரும் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை, நான்கூட.

பு. ஒருத்திக்குத்தான் அவளைத் தெரியும். பள்ளியில் சேர்ந்த புதிதில் எல்லோரும் குடைந்து குடைந்து கேட்டபோது "எங்களுக்குப் பிள்ளை வேணாம், முடிவு பண்ணிட்டோம்" என்றேன். அப்போது வந்து சேர்ந்து சில மாதமே ஆகியிருந்த பு., "நாங்களும் அப்படித்தான்" என்றாள். அன்றிலிருந்து ஜோடி. கேமரன் மலை, பினாங்கு, ஹாட்யாய், எல்லாச் சுற்றுலாவும் சேர்ந்தே. யார் வீட்டு வளைகாப்பென்றாலும் பெற்றவர்கள் வளையல் போடுவார்கள், நாங்கள் இருவரும் சமையல்கட்டில் புளிச்சாதம் பொட்டலம் கட்டுவோம். கட்டிக்கொண்டே கூடத்தில் நடப்பதைக் கிண்டல் செய்து வயிறு வலிக்கச் சிரிப்போம்.

14 ஜூன், செவ்வாய்

மாலை மழை, கடைசியில். பஸ் நிற்கும் இடத்தில் நானும் பு.வும் ஒரே குடையில்.

ரொம்ப நாளாக மனதில் இருந்ததைச் சொன்னேன். "உனக்கு முப்பத்தெட்டுதானே. நீயும் இப்ப மனசு மாத்திக்கலாம்லா. ரெண்டு பிள்ளையும் ஒண்ணா வளரும்."

அவள் ரோட்டையே பார்த்தாள். "பஸ் வந்துருச்சு" என்றாள். அது அவளுடைய பஸ் இல்லை. ஏறிப் போய்விட்டாள்.

18 ஜூன், சனி

அண்ணி வந்தார். வளைகாப்பு 26, ஞாயிறு. பட்டியல்: கண்ணாடி வளையல் பத்து டஜன் (என் கைக்குப் பெரிய அளவு). ஐந்து வகைச் சாதம். நாற்காலி வாடகைக்கு. நலங்குச் சந்தனம். வேப்பிலைக் காப்பு. புடவை பச்சை, கறுப்பு கூடாது.

"முதல் வளையல் புஷ்பா போடட்டும் அண்ணி" என்றேன்.

அண்ணி கோபப்படவில்லை. என் தலையைத் தடவினார். "விமலா, அது நல்ல பொண்ணு, எனக்குத் தெரியாதா? ஆனா பெத்தவங்கதான் போடணும். இத்தனை வயசுக்கு மேல வந்தது, ஏன் ரிஸ்க் எடுக்கணும் சொல்லு?"

இவர் பேப்பருக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார். அக்காள் பேசும்போது இவருக்கு எப்போதும் முக்கியச் செய்தி கிடைத்துவிடும்.

என்ன ஆனாலும் சரி. பு.தான் போடுவாள். என் கை, என் பிள்ளை. இதையெல்லாம் பார்த்துச் சிரித்தவள் நான்.

24 ஜூன், வெள்ளி

பண்டமாரான் போய் நேரில் அழைத்தேன். அவர் காரில் கொண்டுபோய் விட்டார். பு. புருஷனுக்கு ஷிஃப்ட், வீட்டில் அவள் மட்டும். மைலோ போட்டுக் கொடுத்தாள்.

"நீதான் முதல் வளையல் போடணும். யார் என்ன சொன்னாலும் நான் பாத்துக்கறேன்" என்றேன். வீர வசனம்.

மைலோ கோப்பையை என் பக்கம் தள்ளினாள். அப்புறம் மெதுவாக ஆரம்பித்தாள். அப்படியே எழுதி வைக்கிறேன், மறக்கக் கூடாது.

"சனிக்கிழமையானா பிரிக்ஃபீல்ட்ஸ்ல தையல் கிளாஸ்னு சொல்வேன்ல. ஒரு பாவாடையாச்சும் நான் தைச்சுப் பாத்திருக்கியா நீ?"

எனக்குப் புரியவில்லை.

"லேடி டாக்டர்கிட்டதான் போனேன், விமலா. ஏழு வருஷம். ஊசி, மாத்திரை, ஒரு ஆபரேஷன். எனக்கு வேணாம்னு எப்பவும் இருந்ததில்ல. நீ அன்னிக்குத் தைரியமா வேணாம்னு சொன்னே பாரு, நான் உன் பின்னாடி போய் ஒளிஞ்சுகிட்டேன். மலடின்னு சொல்ல வேண்டியவங்க திமிரு பிடிச்சவன்னு சொன்னாங்க. அது எனக்கு எவ்ளோ நிம்மதி தெரியுமா? இப்ப நீ அந்தப் பக்கம் போயிட்ட. நான் மட்டும் நிக்கிறேன். 'விமலா டீச்சருக்கே வந்துருச்சு, உங்களுக்கு என்ன'ன்னு நேத்து மல்லிகா கேக்குறாங்க."

அழவில்லை அவள். நான்தான் அழுதேன். மனசு மாத்திக்கலாம் என்று சொன்ன வாயில் மண்ணைப் போட வேண்டும்.

கிளம்பும்போது சொன்னாள்: "வரேன்டி. ஆனா நான் சமையல்கட்டுல இருக்கேன். அங்கதான் எனக்குப் பழக்கம்."

26 ஜூன், ஞாயிறு

முடிந்தது. உடம்பு அடித்துப் போட்ட மாதிரி. நடந்ததை எழுதிவிட்டுத்தான் படுப்பேன்.

நாற்பது பேருக்கு மேல். கூடத்தில் மின்விசிறி ஒன்று ஓடவில்லை. பு. வந்ததும் நேரே உள்ளே போய்ப் பொட்டலம் கட்ட உட்கார்ந்துவிட்டாள், இந்த முறை தனியாக. ஒவ்வொருவராக வந்து சந்தனம் பூசி வளையல் போட்டார்கள். முழங்கை வரை ஏறிவிட்டது.

அண்ணி சுற்றிப் பார்த்தார். "வேற யாராச்சும் பாக்கியா? ஆரத்தி எடுத்துரலாமா?"

பு. சமையல்கட்டு வாசலில் நின்றிருந்தாள், ஈரக் கையை முந்தானையில் துடைத்தபடி. நான் ஒரு பெயர் சொன்னால் போதும். வாய் வரை வந்தது. அந்த நேரம் பார்த்து உள்ளே பிள்ளை அசைந்தது. ஏதாவது ஆகிவிட்டால் என்று நினைத்தேன். நான்தான் நினைத்தேன், அண்ணி இல்லை, மல்லிகா இல்லை.

"இல்ல அண்ணி, அவ்ளோதான்" என்றேன்.

ஆரத்தி முடிந்தது. வினை அதோடு போகவில்லை. அண்ணி நல்ல மனசோடுதான், எல்லோருக்கும் கேட்கும்படி கூப்பிட்டார்: "புஷ்பா, இங்க வாம்மா. விமலா கையால ரெண்டு வளையல் போட்டுக்க. சூலி போட்டா சீக்கிரம் நடக்கும். அடுத்த வளைகாப்பு உனக்குத்தான்."

பு. சிரித்து மழுப்புவாள் என்று காத்திருந்தேன். "எனக்கு எதுக்கு லா இதெல்லாம்" என்பாள், எத்தனை முறை சொல்லியிருக்கிறாள். வந்தாள். என் முன்னால் மண்டியிட்டாள். இரண்டு கையையும் நீட்டினாள்.

என் வீங்கிய விரலால் அவளுக்கு ஏற்றுவதற்குள் ஒன்று உடைந்தது. யாரோ "அய்யோ" என்றார்கள். பு. "பரவால்ல, இன்னொண்ணு போடு" என்றாள், தலையைத் தூக்காமல். போட்டேன்.

மன்னிப்புக் கேட்கலாம் என்று தேடினபோது கிளம்பிவிட்டிருந்தாள். சாப்பிடவில்லையாம்.

27 ஜூன், திங்கள்

பு. விடுப்பு. தலைவலியாம். நான் போன் செய்தேன், எடுக்கவில்லை.

28 ஜூன், செவ்வாய்

மேகமூட்டம். இன்று வந்தாள். கழற்றியிருப்பாள் என்று நினைத்தேன். இரண்டு கையிலும் பச்சை வளையல்.

மல்லிகா டீச்சர் விடுவாரா? "அட, புஷ்பா டீச்சர்! கையெல்லாம் கலகலங்குது. நீங்களும் மனசு மாறிட்டீங்களா?"

அறை முழுவதும் அவளையே பார்த்தது. பு. என்னைப் பார்த்தாள், ஒரே ஒரு பார்வை.

"ஆமா டீச்சர். விமலாவைப் பாத்துதான் மாறிட்டேன். இத்தனை நாள் வேணாம்னு இருந்துட்டோம், இனிமே பாக்கலாம்னு."

"அப்படிச் சொல்லுங்க!" என்று கை தட்டினார் மல்லிகா. எல்லோரும் சிரித்தார்கள். பு.வும் சிரித்தாள். நானும் சேர்ந்து சிரித்தேன், சிரிக்காவிட்டால் காட்டிக்கொடுத்ததாகிவிடும்.

இதை அவள் எத்தனை மாதம் சொல்ல முடியும்? ஆறு மாதம்? ஒரு வருடம்? அதற்கப்புறம் கேட்பார்களே.

மணி அடித்துவிட்டது. அடுத்த வகுப்பு கணக்கு.